செவிலியர் சங்கமும் சம்மத மந்திரமும்

நர்சுகளின் தொழில் சங்கம் ஒன்றின் இணையதளத்தைத் திறந்து அடிவரை தள்ளிக்கொண்டு போனால், கடைசியில் பொடி எழுத்தில் "அந்தரங்கக் கொள்கை" என்பதாக ஒரு வரி கிடக்கும். அதைத் தொட்டால் பக்கம் பக்கமாக இங்கிலீஷ் விரியும். வக்கீல் எழுதினது, வக்கீல்தான் படிக்க முடியும். அதைப் படித்தேன் என்று சொன்ன நர்சு ஒருவரையாவது நாம் இதுவரை சந்தித்ததில்லை. ஆனால் "படித்தேன், சம்மதிக்கிறேன்" என்ற கட்டத்தில் குறி போடாத நர்சு ஒருவரையும் சந்தித்ததில்லை.

இதிலென்ன பிரமாதம், உலகமெல்லாம் இப்படித்தானே நடக்கிறது என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். கலியாண வீட்டிலும் உலகமெல்லாம் அப்படித்தானே நடந்தது? புரோகிதர் சமஸ்கிருதத்தில் ஏதோ சொன்னார். மாப்பிள்ளை அதைத் திருப்பிச் சொன்னான். பெண் சும்மா தலை குனிந்திருந்தாள். அதன் அர்த்தம் இன்னதென்று சொன்னவனுக்கும் தெரியாது, கேட்டவனுக்கும் தெரியாது, சாப்பாட்டுக்கு வந்தவனுக்கும் தெரியாது. அர்த்தம் தெரியாமல் சொன்ன வார்த்தை ஒப்பந்தமாகுமா என்று நம் இயக்கம் கேட்டபோது நம்மைப் பைத்தியக்காரர் என்றார்கள். கடைசியில் 1967-இல் அண்ணாதுரை சர்க்கார் சட்டம் செய்து, புரோகிதரும் மந்திரமும் இல்லாமல், இருவருக்கும் புரிகிற பாஷையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிச் செய்துகொள்ளும் மணம் செல்லுபடியாகும் என்று ஆக்கிற்று. இன்று அதே மந்திரம் வேறு வேஷம் போட்டுக்கொண்டு கைபேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. புரோகிதருக்குப் பதிலாக வக்கீல், சமஸ்கிருதத்துக்குப் பதிலாக இங்கிலீஷ், அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் 2008-இல் மக்டோனால்டு, கிரேனர் என்ற இரண்டு ஆராய்ச்சிக்கார அம்மையார்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒருவர் தாம் போகிற இணையதளங்களின் அந்தரங்கக் கொள்கைகளையெல்லாம் ஒழுங்காகப் படிப்பதென்றால் வருஷத்துக்குச் சுமார் 200 மணி நேரம் ஆகுமாம். மூன்று ஷிப்டு மாறி மாறி வேலை பார்த்து, வீட்டில் வந்து உலை வைக்கிற ஒரு நர்சம்மாவுக்கு இந்த 200 மணி எங்கேயிருந்து வரும்? படிக்க முடியாது என்று தெரிந்தே எழுதி வைத்துவிட்டு, "நீதான் சம்மதித்தாயே" என்று சொல்லுவது யோக்கியமான காரியமா?

நிற்க. இச்சங்கங்கள் வருகிறவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுவது என்ன? ஒன்று, நாமாக எழுதிக் கொடுப்பது. உறுப்பினராகச் சேர, மாநாட்டுக்குப் பெயர் பதிய, சங்கப் பத்திரிகை வரவழைக்க என்று பெயர், பிறந்த தேதி, விலாசம், போன் நம்பர், கவுன்சில் பதிவு எண், வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி எல்லாம் கொடுக்கிறோம். இது வெளிப்படையானது. கொடுத்தவருக்குக் கொடுத்தது தெரியும்.

மற்றொன்று, கேளாமலே எடுப்பது. பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் நம்முடைய இணைப்பின் எண், கைபேசி இன்ன ரகம், ஏறக்குறைய இன்ன ஊர்ப்பக்கம், இத்தனை மணிக்கு வந்தார், இன்ன பக்கத்தை இவ்வளவு நேரம் பார்த்தார் என்பதெல்லாம் பதிவாகிவிடுகிறது. "குக்கீ" என்று ஒன்று சொல்லுகிறார்களே, அது தின்பண்டமல்ல. இணையதளம் நம் கைபேசிக்குள் எழுதிவைத்துவிட்டுப் போகிற ஒரு சிறு அடையாளச் சீட்டு. 1994-இல் நெட்ஸ்கேப் கம்பெனியில் லூ மொன்டூலி என்பவர் செய்தது. கடைக்குத் திரும்பி வந்த வாடிக்கைக்காரர் முன்பு வந்தவர்தான் என்று தெரிந்துகொள்ள ஏற்பட்டது. அதற்கு மட்டும் உபயோகப்பட்டால் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு சங்கத்தின் பக்கத்துக்குள்ளே கூகுளின் கணக்கெடுக்கும் கருவி, பேஸ்புக்கின் "பிக்சல்" என்னும் கண்ணுக்குத் தெரியாத புள்ளி, வேறு விளம்பரக் கம்பெனிகளின் சீட்டுகள் என்று நுழைக்கப்பட்டிருக்குமானால், நாம் பேசுவது சங்கத்தோடு, ஒட்டுக் கேட்பது ஊரார் என்றாகிவிடுகிறது. கோவிலில் அர்ச்சகர் கோத்திரம், நட்சத்திரம் கேட்டால் முகத்துக்கு நேரே கேட்கிறார். தூணுக்குத் தூண் ஒரு ஆள் ஒளிந்து நின்று எழுதிக்கொள்ளுவதில்லை. (ஜாதகம் பார்க்கிறவனுக்கும் நாம் பிறந்த தேதியைத்தான் கொடுக்கிறோம். அவன் அதை வைத்துக்கொண்டு பொய்தான் சொல்ல முடியும். இவர்கள் உண்மையையே தெரிந்துகொள்ளுகிறார்கள். ஆகையால் இவர்களே அதிக ஆபத்து.)

இன்ன பக்கத்தைப் படித்தார் என்று தெரிந்துவிட்டால் என்ன மோசம் போய்விட்டது என்று கேட்பவர்கள், நர்சுகள் சங்கத்துக்கு யார் எதற்காகப் போகிறார்கள் என்று யோசித்துப் பார்க்கட்டும். ஊசி குத்திக்கொண்டுவிட்டோமே, நோயாளியின் வியாதி நமக்கும் வந்துவிடுமோ என்று பயந்த ஒரு பெண் போகிறாள். பெரிய டாக்டர் கையைப் பிடித்தார், யாரிடம் சொல்லுவது என்று தெரியாத பெண் போகிறாள். இராத் தூக்கம் கெட்டு, மனம் கெட்டு, மாத்திரையில்லாமல் முடியவில்லை என்ற நிலைக்கு வந்தவள் போகிறாள். ஆஸ்பத்திரி முதலாளி சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு சர்டிபிகேட்டைத் தர மறுக்கிறான், சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்க்கப் போகிறாள். இவர்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. படித்தார்கள், அவ்வளவே. ஆனால் படித்த பக்கத்தின் தலைப்பே அவர்கள் சங்கதியைச் சொல்லிவிடுகிறதா இல்லையா? அதிலும் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படித்தால், அது முதலாளியின் ஆளுக்கும் தெரியக்கூடியது.

இது நம்முடைய கற்பனை அல்ல. 2022-இல் "தி மார்க்அப்" என்ற அமெரிக்கப் பத்திரிகை, அந்நாட்டின் பெயர்பெற்ற 100 ஆஸ்பத்திரிகளின் இணையதளங்களைச் சோதித்தது. 33-இல், டாக்டரைப் பார்க்க நாள் குறிக்கும் பட்டனை அழுத்தினவுடன் அச்செய்தி பேஸ்புக்குக்குப் போவதைக் கண்டுபிடித்தது. மறுவருஷம் "பெட்டர்ஹெல்ப்" என்ற மன ஆலோசனைக் கம்பெனியின் கதை வெளிவந்தது. உங்கள் விவரம் பத்திரம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வந்தவர்களின் மின்னஞ்சல் விலாசத்தையும் அவர்கள் கேள்விகளுக்குச் சொன்ன பதில்களையும் விளம்பரத்துக்காகப் பேஸ்புக் முதலானவர்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்க வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டி, 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. ஆகவே கொள்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒன்று, உள்ளே என்ன ஓடுகிறது என்பது வேறொன்று. ஆஸ்பத்திரிகளே இப்படியிருந்தால், மாநாட்டு வேலை தெரிந்த நாலு பேர் காண்டிராக்டரிடம் கொடுத்துக் கட்டின சங்கத் தளம் எப்படியிருக்கும்? காரியதரிசிக்குத் தம் தளத்தில் என்னென்ன ஒட்டியிருக்கிறது என்றே தெரியாமலிருக்கலாம். தெரியாது என்பது சமாதானமாகாது.

நமக்குத் தெரிந்த ஒரு தோழரின் மகள் நர்சு. ஒரு சங்கத்தின் கூட்டத்துக்கு இணையத்தில் பெயர் பதிந்தாள். ஒரு வாரத்துக்குள் கடன் கொடுக்கிறோம் என்று ஒருவன், ஜெர்மனியில் வேலை வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டு என்று ஒருவன், ராத்திரி பத்து மணிக்கு "தனியாகவா இருக்கிறீர்கள்" என்று ஒருவன். யார் கொடுத்தது என்று நிரூபிக்க நம்மிடம் சாட்சியம் இல்லை. அதனால் சங்கத்தின் பெயரைச் சொல்ல மாட்டோம். ஆனால் வீட்டில் என்ன நடந்தது என்றால், "இதற்குத்தான் பொம்பளைப் பிள்ளையை வேலைக்கு அனுப்பாதே என்றேன்" என்று பாட்டி ஆரம்பித்துவிட்டாள்! நம்பரைக் கசியவிட்டவன் எங்கேயோ இருக்கிறான், தண்டனை பெண்ணுக்கு.

இன்னொன்று சொல்ல வேண்டும். நர்சுப் பள்ளிகளில் கையில் விளக்கை ஏந்திக்கொண்டு பிரதிக்கினை எடுப்பது வழக்கம். நைட்டிங்கேல் பிரதிக்கினை என்று அதற்குப் பெயர். நைட்டிங்கேல் அம்மையார் எழுதினதல்ல. 1893-இல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து நர்சுப் பள்ளி ஒன்றில், லிஸ்ட்ரா கிரெட்டர் என்ற அம்மையாரின் தலைமையில் எழுதப்பட்டது. கடவுளைச் சாட்சிக்கு இழுக்கிற பாகம் நமக்கு வேண்டியதில்லை. சாட்சி சொல்ல வராதவரைச் சாட்சியாகப் போடுவானேன்? ஆனால் அதில் ஒரு வாக்கு இருக்கிறது: வேலை செய்யும்போது தெரிய வந்த நோயாளியின் சொந்தச் சங்கதிகளையும் குடும்ப விஷயங்களையும் வெளியிடுவதில்லை என்று. இது கடவுளில்லாமலே நிற்கக்கூடிய நல்ல வாக்கு. நோயாளியின் சங்கதியைச் சொந்தத் தாயாரிடம்கூடச் சொல்லாத நர்சு, தன் சங்கத்தின் கதவைத் தட்டினால், சங்கம் அவள் சங்கதியை முன்பின் தெரியாத கம்பெனிக்குக் கொடுக்கலாமா?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள், கர்நாடக ஹைகோர்ட்டின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி போட்ட வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஆறு வருஷம் கழித்து 2023-இல் பார்லிமெண்டு டிஜிட்டல் சொந்த விவரப் பாதுகாப்புச் சட்டம் செய்தது. இதில் சில நல்ல காரியங்கள் இருப்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். சம்மதம் சுயேச்சையாகவும், இன்ன காரியத்துக்கென்று குறிப்பாகவும், விஷயம் தெரிந்தும் கொடுத்ததாக இருக்க வேண்டும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்ப வாங்குவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். காரியத்துக்கு வேண்டாத விவரத்துக்குக் கொடுத்த சம்மதம் செல்லாது. இதற்குச் சட்டமே உதாரணம் சொல்லுகிறது: போன் மூலம் வைத்தியம் செய்யும் கம்பெனி நம் போனிலுள்ள மற்றவர்கள் நம்பரையெல்லாம் கேட்டு, நாமும் சரி என்றாலும், வைத்தியத்துக்கு அது வேண்டாததால் அந்தச் சரி கணக்கில்லை. காண்டிராக்டர் செய்த தப்புக்கும் சங்கமே பொறுப்பு. மனிதரைக் குறிக்கும் இடமெல்லாம் "அவள்" என்றே சட்டம் எழுதியிருக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறோம். மனு இதைக் கண்டால் என்ன செய்வார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டோம்.

நமக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் பட்டது வேறு. சம்மதம் கேட்கும் அறிவிப்பை இங்கிலீஷிலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 பாஷைகளில் எதிலோ படித்துக்கொள்ளும் வசதி கொடுத்தாக வேண்டும் என்கிறது சட்டம். தமிழ் அதில் இருக்கிறது. அதாவது, தமிழில் காட்டு என்று கேட்க ஒரு நர்சுக்கு உரிமை வருகிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி இப்பிரிவுகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் அமுலுக்கு வருவதாக வைத்திருக்கிறார்கள். சங்கங்கள் அதுவரை காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஆனால் இச்சட்டத்தைத் தலையில் வைத்துக் கூத்தாடவும் நாம் தயாரில்லை. விவரத்தைப் பத்திரமாக வைக்காதவனுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதமாம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. அந்தப் பணம் எங்கே போகிறது? சர்க்கார் கஜானாவுக்கு. நம்பர் கசிந்து ராத்திரித் தூக்கம் கெட்ட பெண்ணுக்கு இந்தச் சட்டத்தில் காலணா கிடையாது. கோவில் உண்டியலில் போட்டவன் ஒருவன், எடுத்தவன் ஒருவன் என்கிற கதைதான். மேலும் அவள் பொய்ப் புகார் செய்தாள் என்று முடிவானால், அவளுக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு! சர்க்காரோ, தன் இலாக்காக்களில் வேண்டியதைத் தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி இச்சட்டத்திலிருந்து விலக்கிக்கொள்ள அதிகாரம் வைத்துக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, தகவல் உரிமைச் சட்டத்தில், பொது நன்மைக்கானால் சொந்த விவரத்தையும் வெளியிடலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகத்தை இதைச் சாக்காக வைத்து நீக்கிவிட்டார்கள். நம் வீட்டு ஜன்னலுக்குத் திரை போடுகிறேன் என்று வந்தவன், கச்சேரி ஜன்னலுக்கும் சேர்த்துத் திரை போட்டுக்கொண்டு போனான்.

"நான் யோக்கியன், எனக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்று மார்தட்டும் பெரிய மனிதர்கள் சிலர் உண்டு. அவர்கள் தம் பாங்கிப் புத்தகத்தையும் வைத்தியச் சீட்டையும் இந்த வாரம் சந்தைக் கம்பத்தில் ஒட்டிவிட்டு வந்து பிறகு பேசட்டும்.

நம் வாசகர்களில் நர்சுகளும், நர்சுகளைப் பெற்றவர்களும், உடன்பிறந்தவர்களும் பலர் உண்டு. அவர்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். நீங்கள் சேர்ந்திருக்கும் சங்கத்தின் காரியதரிசிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். என் விவரம் எதையெதை வைத்திருக்கிறீர்கள், எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள், வேறு யாருக்கு எதற்காகக் கொடுத்தீர்கள், உங்கள் தளத்தில் எந்தெந்த அயல் கம்பெனியின் கருவி ஓடுகிறது, நான் விலகினால் என் விவரத்தை அழிப்பீர்களா, இதையெல்லாம் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எப்போது எழுதி வைக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். கெஞ்ச வேண்டாம், கோபிக்கவும் வேண்டாம். சந்தா கட்டுகிறவர் கேட்கிற தோரணையில் கேளுங்கள். பதில் வந்தால் நமக்கு ஒரு நகல் அனுப்பலாம். அனுப்பியவர் பெயரை நீக்கி இப்பத்திரிகையில் போடுவோம். பதில் வராவிட்டால், இன்ன தேதியில் கேட்டோம், இன்ன தேதிவரை பதிலில்லை என்பதையும் போடுவோம்.