பெரியவதானே, விட்டுக்கொடு!

கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிட்டு பொறுமையா படிங்க.

ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு முடிஞ்சதும் எங்க கோயில்ல பிள்ளைங்களுக்கு சாப்பாடு. நான் பல வருஷமா பரிமாறுற ஆளு. தனியா வர்ற பிள்ளை சத்தமில்லாம சாப்பிட்டுட்டு போயிடும். அக்கா தம்பி, அண்ணன் தங்கச்சின்னு சேர்ந்து வந்தா அங்கே ஒரு நாடாளுமன்றமே நடக்கும்.

ஒரு அக்கா, ஒரு தம்பி. அவளுக்கு 10 வயசு, அவனுக்கு 6. தம்பிக்கு சாம்பார் சோத்து மேல விழக்கூடாது. பக்கத்துல ஊத்தணும், அவனே தொட்டுத் தொட்டு சாப்பிடுவான். கோஸ் பொரியல் சோத்துல பட்டுட்டா அந்தப் பக்கத்து சோறு அவனுக்கு ஆகாது. அதை அக்கா தன் இலைக்கு தள்ளிக்குவா. அவளோ பாயசத்துல அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, மேல கொஞ்சம் ரசம் கேட்கிற ஆளு. ஒரே வயித்துல பொறந்து ஒரே சட்டிச் சோறு சாப்பிடுற பிள்ளைங்கதான் ரெண்டும்!

இன்னொரு வீட்டுல அண்ணன் தம்பி, 8 வயசு, 7 வயசு. மைலோ கலக்கிக் கொடுத்தா ரெண்டு கப்பையும் ஒட்டி வச்சு, முட்டி போட்டு, கண்ணை கப்பு மட்டத்துக்கு இறக்கி அளவு பார்ப்பானுங்க. எங்க பேக்டரி கியூசி கூட அப்படி பார்க்கிறதில்ல. சின்னவனுக்கு திருநீறு ஒரு குறிப்பிட்ட தாத்தாதான் பூசணும், அதுவும் மூணு கோடு தெளிவா தெரியணும். அண்ணனோட செருப்புக்குப் பக்கத்துலதான் அவன் செருப்பு இருக்கணும். யாராவது காலால தள்ளி விட்டுட்டா அன்னிக்கு சாமி கும்பிட்ட மாதிரியே இல்ல அவனுக்கு.

இதையெல்லாம் சில பெற்றோர் 'பிடிவாதம்'னு சொல்லி, எல்லார் முன்னாலயும் கிள்ளி, அதட்டி உடைக்கப் பார்க்கிறாங்க. 'அப்படியே அவங்க அப்பா வீட்டு குணம்'னு வேற ஒரு அடி. பிள்ளை அங்கேயே நின்னு கேட்டுக்கிட்டு இருக்குது.

யோசிச்சுப் பாருங்க. 6 வயசுப் பிள்ளைக்கு சொந்தமா என்ன இருக்கு? எத்தனை மணிக்கு எழும்பணும், எந்தப் பள்ளிக்கு போகணும், யார் வீட்டுக்கு போய் யாருக்கு வணக்கம் சொல்லணும், எல்லாம் நாமதான் முடிவு பண்றோம். தீபாவளி சட்டை கூட ஒரே துணியில மூணு சைஸ்ல எடுத்துடுறோம். மிச்சம் இருக்கிறது அந்த நீலக் கப்பும், சாம்பார் ஊத்துற இடமும்தான். அதையும் பிடுங்கி நமக்கு என்ன ஆகப்போகுது?

எல்லாத்துக்கும் தலையாட்டச் சொல்லல. மருந்து, பள்ளிக்கூடம், அடிக்கிறது கடிக்கிறது, இதுல எல்லாம் பேச்சே கிடையாது. நம்ம நாட்டுல 2020-லிருந்து கார்ல சின்னப் பிள்ளைக்கு தனி இருக்கை கட்டாயம். அழுதாலும் கட்டித்தான் ஆகணும். மத்தபடி ஜன்னலோரம் யாருக்குங்கிற சண்டையை பிள்ளைங்களே தீர்த்துக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துல பட்டர்வொர்த்துலருந்து கோலாலம்பூர் போகும்போது தாப்பா ஆர்.என்.ஆர். வரைக்கும் ஒருத்தி, அங்கிருந்து மத்தவன். அப்பா அம்மா போட்ட சட்டம் இல்ல லா, அதுங்களே பேசி வச்சுக்கிட்டது.

எனக்கு வயிறு எரியுற விஷயம் வேற. சண்டை வந்ததும் நம்ம வாயில முதல்ல வர்ற வார்த்தை: "நீ பெரியவதானே, விட்டுக்கொடு." அந்தப் பெரியவளுக்கு 7 வயசுதான் இருக்கும். தம்பி பொறந்த அன்னிக்கே அவ பெரியவளாயிட்டா. பொம்மையை கொடு, ரிமோட்டை கொடு, கோழிக்காலை கொடு. கொடுத்தா 'ரொம்ப நல்ல பிள்ளை'ன்னு பேரு. சின்னவனுக்கு கத்தினா கிடைக்கும்னு ஒரு பாடம், பெரியவளுக்கு கேட்காம இருக்கிறதே நல்லதுன்னு ஒரு பாடம். பெரியவ பொண்ணா இருந்துட்டா கேட்கவே வேணாம், இது ரெண்டு மடங்கு.

தேவார வகுப்புல ஞானப்பழக் கதை சொன்னப்போ ஒரு பையன் எழுந்து கேட்டான், "பழத்தை வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்திருக்கலாமே?" வகுப்பே சிரிச்சது. வெட்டக்கூடாதுன்னு நாரதர் சொல்லிட்டாருப்பான்னு சமாளிச்சோம். ஆனா நான் அந்தக் கதையை அப்புறம் வேற மாதிரி யோசிச்சேன். பழம் மூத்தவருக்கு போச்சு. சின்னவர் கோபிச்சுக்கிட்டு மலையேறிட்டார். அப்போ கூட சிவனும் பார்வதியும் பிள்ளையார்கிட்ட, "நீதான் பெரியவன், அந்தப் பழத்தை தம்பிக்கு கொடுத்துடு"ன்னு சொல்லல. சமாதானம் பண்ணணும்னா அப்பா அம்மாதான் மலைக்குப் போனாங்க. கோபிச்சுக்கிட்டு போன அந்தச் சின்னவருக்குத்தான் நாம தண்ணீர்மலை, கல்லுமலை, பத்துமலைன்னு காவடி எடுக்கிறோம். மூத்தவருக்கு எல்லா பூசையிலயும் முதல் மரியாதை. ரெண்டு பேருக்கும் குறை இல்ல.

விட்டுக்கொடுக்கப் பழகினா நல்லதுதானேன்னு சிலர் கேட்பீங்க. தானா மனசு வந்து கொடுத்தா நல்லது. அந்த அக்கா தம்பியோட சோத்தை தன் இலைக்கு தள்ளிக்கிறாளே, அவளை யாரும் சொல்லல. நான் சொல்றது நாம பிடுங்கிக் கொடுக்கிறதைப் பத்தி.

பேக்டரியில என் லைன்ல ஷிப்ட் மாத்தும்போது ஒவ்வொருத்தர்கிட்டயும் எது வசதின்னு கேட்பேன். காலையா, ராத்திரியான்னு. சில பொண்ணுங்க பட்டுன்னு சொல்லிடும். சிலது எப்பவும், "எதுனாலும் பரவாயில்ல அண்ணே." பேசிப் பார்த்தா பாதிக்கு மேல வீட்டுக்கு மூத்த பிள்ளைங்க. ஒருத்திக்கு கல்யாணமாகி ரெண்டு பிள்ளை. ராத்திரி ஷிப்ட் அவளுக்கு எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். அவ வாயில அது வரவே வராது. நானே பேரை மாத்தி எழுதினா, "மத்தவங்களுக்கு கஷ்டமா இருக்கப் போவுது அண்ணே"ன்னு சொல்றா. முப்பது வயசுக்கு மேல அவளை 'எனக்கு இது வேணும்'னு சொல்ல வைக்கிறதுக்கு நான் படுற பாடு!

அதனால பரிமாறுற தம்பி தங்கச்சிங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். அக்கா தம்பி சேர்ந்து உட்கார்ந்தா, வடை எது வேணும்னு அக்காகிட்டயும் கேளுங்க. கேட்டதும் தம்பி மூஞ்சியை பார்ப்பா. அவசரப்படாதீங்க, கரண்டியோட ஒரு நிமிஷம் நில்லுங்க.

உங்க வீட்டு வாண்டுங்களோட கூத்தையும் கீழே எழுதுங்க. மூத்ததுங்க கதையிலிருந்து ஆரம்பிங்க.