கிண்ணமும் நண்பரும்

“மதுவின்மேல் இருந்த ஆசை எனக்குப் போய்விட்டது. ஆனால் நண்பரோடு அமர்ந்துவிட்டால் மறுக்க இயலவில்லை” என்று குறைபட்டுக்கொள்ளும் குடும்பத் தலைவர்கள் நம் பங்குகளிலும் உண்டு. நாவின் தாகத்தைவிட, நண்பன் முகம் வாடுமே என்ற கூச்சமே இவர்களைப் பிணித்திருக்கிறது. இப்பிணிப்பை நன்கறிந்தவர் அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரத் தொழிலாளி மாட் டால்பட்.

1856-இல் பிறந்த அவர் 12-ஆம் வயதிலேயே குடிக்கத் தொடங்கினார். கூலி கையில் உள்ளவரை தோழர்க்கும் தாராளமாக வாங்கிக் கொடுப்பார். அந்நாட்டு வழக்கமும் அதுவே. கூடியிருப்போர் ஒருவர் மாற்றி ஒருவராக எல்லாருக்கும் வாங்க வேண்டும். ஐவர் கூடினால் ஆளுக்கு ஐந்து கிண்ணம்! இரண்டோடு எழுந்து போகிறவனுக்குக் கஞ்சன் என்று பெயர். (நம் ஊர்களில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?)

1884-இல் ஒரு சனிக்கிழமை. அவ்வாரம் வேலைக்குச் செல்லாததால் டால்பட்டிடம் காசில்லை. மதுக்கடை அருகே காத்து நின்றார். கூலியோடு வந்த தோழர்கள் நலம் விசாரித்தார்கள், கடந்து போனார்கள். ஒருவராவது ‘வா’ என்று அழைக்கவில்லை. வீடு திரும்பித் தாயிடம் தம் முடிவைக் கூறினார். குருவானவர் ஒருவரிடம் சென்று, 3 மாதத்துக்கு மட்டும் குடிப்பதில்லை என வாக்குக் கொடுத்தார். அதற்குமேல் தம்மால் ஆகாது என்ற அச்சம்! பின்னரே அது வாழ்நாள் வாக்காயிற்று.

ஆசை அன்றே மறைந்துவிடவில்லை. மாலை வேளைகளை ஆலயங்களில் கழித்தார். சட்டைப்பையில் காசு வைத்துக்கொள்வதை விட்டார். எனினும் மனிதரை அவர் வெறுத்தாரில்லை. உடனுழைத்தவர் வீட்டில் வறுமை என்றால் தம் கூலியிலிருந்து கொடுத்துதவினார். 1925-இல் திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவிலேயே உயிர்நீத்த அவரை, 1975-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

டால்பட்டைப்போல் ஒதுங்கி வாழ எல்லாராலும் இயலாதே! அதே டப்ளினில் இயேசு சபைக் குரு ஜேம்ஸ் கல்லன் 1898-இல் 4 பெண்களோடு தொடங்கிய ‘பயனியர்’ மதுவிலக்குச் சங்கம் இங்கேதான் கைகொடுத்தது. அதன் உறுப்பினர் திரு இருதயச் சின்னம் ஒன்றை உடையில் குத்திக்கொள்வர். அதை அணிந்தவர் மதுக்கடையிலும் நண்பரோடு அமர்ந்து எலுமிச்சைப் பானம் அருந்தலாம், கதை பேசலாம், பாடலாம். சின்னமே விடை கூறிவிடுவதால், ‘ஒரு மடக்கு மட்டும்’ என்ற வற்புறுத்தலுக்கு இடமில்லை; ஒவ்வொரு முறையும் காரணம் தேட வேண்டியதுமில்லை.

ஓர் எச்சரிக்கை. பல்லாண்டு மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் நேரலாம். அவர்கள் மருத்துவரைக் கண்ட பின்னரே நிறுத்த வேண்டும். ஆசையைத் தணிக்கும் மருந்துகளும் இன்று உண்டு.

நம்மிடம் அத்தகைய சின்னம் இல்லை. ஆனால் விருந்து வைப்பவர் நாம்தாமே? ‘வேண்டாம்’ என்றவரை மறுமுறை கேளாதிருப்போம். அடுத்த ஞானஸ்நான விருந்தில் மோர்ப் பானை பந்தலின் முன்பக்கமே இருக்கட்டும், கொல்லைப்புறத்தில் வேண்டாம்.