ஆறாத விண்மீன்களும் பிசகிய கடிகாரமும்

ஐரோப்பிய விண்வெளி முகமையின் 'கையா' விண்கலம் 2025 மார்ச் 27 அன்று நிரந்தரமாக அணைக்கப்பட்டது. 2013 டிசம்பரில் ஏவப்பட்ட அது, கண்ணைக் கவரும் படங்களை அனுப்பிப் புகழ்பெறவில்லை. ஏறத்தாழ 200 கோடி விண்பொருள்களின் இருப்பிடத்தையும் ஒளியையும் திரும்பத் திரும்ப அளந்தது. ஒருவகையில் கணக்கர் வேலைதான். அந்தக் கணக்கேடுதான் வானியலின் நம்பகமான கடிகாரம் ஒன்றில் பிசகு இருப்பதைக் காட்டிக்கொடுத்தது.

எரிபொருள் தீர்ந்த விண்மீன்களில் மிகப் பெரும்பாலானவை வெண்குறுமீன்களாகச் சுருங்குகின்றன. சூரியனின் எடையில் பாதிக்கு மேலான பொருள், பூமியின் அளவுக்குள் அடைபட்டிருக்கும். அணுக்கரு எரிப்பு நின்றுவிட்டதால், இறக்கிவைத்த உலைப்பானைபோல அவை ஆறிக்கொண்டே போகும். எந்த அளவுக்கு மங்கியிருக்கின்றன என்பதைக் கொண்டு அவற்றின் வயதையும், அதன்வழி பால்வெளியின் வரலாற்றையும் கணிக்கிறார்கள்.

கையாவுக்கு முன் அறியப்பட்டிருந்த வெண்குறுமீன்கள் சில பத்தாயிரங்களே. 2021இல் வெளியான பட்டியலில் அந்த எண்ணிக்கை மூன்றரை லட்சத்தைக் கடந்தது. தொலைவு துல்லியமாகத் தெரிந்ததால், உண்மையான ஒளிர்வும் தெரிந்தது. தங்குதடையின்றி ஆறுபவை என்றால் அவை சீராகப் பரவியிருக்க வேண்டும். ஆனால், குறிப்பிட்ட ஒரு நிற, ஒளிர்வு எல்லையில் கூட்டம் நெரிந்திருந்தது.

காரணத்தை 2019இல் பியர்-இம்மானுவேல் ட்ராம்ப்லே குழுவினர் விளக்கினர். உள்ளிருக்கும் கார்பனும் ஆக்சிஜனும் படிகமாக உறையும்போது வெப்பம் வெளிப்பட்டு, ஆறுவது தாமதமாகிறது. ஹியூ வான் ஹார்ன் 1968இலேயே கணித்திருந்தது இது; மெய்ப்பிக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. இதனால் சில விண்மீன்கள், நாம் எண்ணியதைவிட 200 கோடி ஆண்டுகள் வரை மூத்தவையாக இருக்கக்கூடும்.

அதோடு முடியவில்லை. எடை மிகுந்த வெண்குறுமீன்களில் சுமார் 6 விழுக்காடு, 800 கோடி ஆண்டுகள் வரை ஆறாமல் நிற்பதாக அதே ஆண்டில் மற்றொரு ஆய்வு கண்டது. உறைதலின் வெப்பம் மட்டும் இதற்குப் போதாது. உருவாகும் படிகங்கள் பனிக்கட்டிபோல மேலே மிதக்க, கனமான திரவம் கீழிறங்கி ஆற்றலை விடுவிக்கிறது என்பது 2024இல் முன்வைக்கப்பட்ட விளக்கம்.

1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சந்திரசேகர், வெண்குறுமீனின் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதைப் பயணத்தின்போதே காகிதத்தில் கணக்கிட்டுக் கண்டார். தனி மேதைமையின் அத்தகைய கதைகளைக் கொண்டாடும் நாம், ஆண்டுக்கணக்கில் அளந்து பட்டியலிடும் பணியை எளிதில் மறந்துவிடுகிறோம். நிதி ஒதுக்குவோரும் அப்படித்தான். விதிவிலக்கான அந்த 6 விழுக்காட்டை எந்த மேதையும் காகிதத்தில் முன்னறியவில்லை. லட்சக்கணக்கில் எண்ணியதால்தான் அது கண்ணில் பட்டது.

கையாவின் அடுத்த தரவுத் தொகுப்பு 2026 டிசம்பரில் வெளிவரும் என அறிவிக்கப்பட்டுள்ளது. முந்தைய தொகுப்புகளைப் போலவே அதையும் இணைய வசதியுள்ள எந்தக் கல்லூரி மாணவரும் கட்டணமின்றி எடுத்து ஆராயலாம்.