நோயாளிக்கும் ஒரு நாள் உண்டு

 

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். வேன் பேசுவார்கள். பெரிய சட்டியை இறக்குவார்கள். பிள்ளைகள் இரவெல்லாம் தூங்கமாட்டார்கள். ஆனால் புறப்படும் காலையில் ஒருவர் மட்டும் வாசலோடு நின்றுவிடுவார். "நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கொள்றேன்" என்பார். அவர் சீனி வருத்தமுள்ள உம்மாவாக இருப்பார். முழங்கால் மடக்க ஏலாத மாமியாக இருப்பார். முட்டு வருத்தமுள்ள சகோதரியாக இருப்பார். நாமும் "துஆச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிடுகிறோம்.

என் உம்மாவும் இப்படித்தான் பல வருடங்கள் வாசலில் நின்றார்கள். அதனை நான் அவர்களுடைய சபூர் என்றே நினைத்திருந்தேன். பிறருக்கும் அப்படியே பெருமையாகச் சொல்லி வந்தேன். ஒரு நாள் என் சின்ன மகள், "உம்மும்மா, நீங்க பேராதனைப் பூந்தோட்டம் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள். "கல்யாணம் முடிச்ச வருஷம் உங்க அப்பா கூட்டிப் போனார். ஒரு பெரிய மரம் இருந்திச்சு. இப்பவும் இருக்குமோ என்னவோ" என்றார்கள் உம்மா. எங்கள் ஊர் மாவனெல்லைக்குப் பக்கம். அங்கிருந்து பேராதனைக்கு 30 கிலோமீற்றர்கூட இல்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் நான் கேட்டபோது, "எனக்கு ஏலாது மகன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. என் மனைவி தனியே இருந்து கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. உம்மாவுக்கு மூன்று பயங்கள் இருந்தன. அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும், வழியில் எங்கே போவது என்பது முதலாவது. நான் மெதுவாக நடந்தால் எல்லாரும் எனக்காகக் காத்துநிற்க வேண்டும் என்பது இரண்டாவது. இடையில் வருத்தம் கூடிவிட்டால் பிள்ளைகளின் சந்தோஷம் கெட்டுவிடும் என்பது மூன்றாவது. போக ஆசை இல்லை என்று அவர்கள் ஒருபோதும் சொல்லவில்லை.

சகோதரிகளே, இந்த மூன்று பயங்களும் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஆண்களிடம் சொல்ல வெட்கப்பட்டு, "எனக்கு விருப்பமில்லை" என்ற ஒரு சொல்லுக்குள் அவற்றை மறைத்து வைத்திருக்கிறீர்கள்.

அரபுக் கல்லூரியில் 'நோயாளியின் தொழுகை' என்ற பாடத்தை நான் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். நின்று தொழ இயலாதவர் இருந்து தொழலாம்; அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம். தண்ணீர் கெடுதி செய்யுமாயின் தயம்மும் உண்டு. ரமழானில் நோன்பை விட்டு, குணமான பின் வேறு நாட்களில் நோற்கலாம். இவையெல்லாம் எதைக் காட்டுகின்றன? 'நீ நோயாளி, ஆகவே உனக்குத் தொழுகை வேண்டாம், ஒதுங்கியிரு' என்று ஷரீஅத் சொல்லவில்லை. அவரை ஸஃப்பிலேயே வைத்துக்கொண்டு, கடமையை அவருடைய உடலின் அளவுக்கு வெட்டித் தைத்துக் கொடுத்திருக்கிறது. இபாதத்திலேயே இந்த இலேசு இருக்குமானால், ஒரு நாள் உலாவை மட்டும் ஏன் திடகாத்திரமானவர்களின் அளவுக்கே தைக்கிறோம்? இதைப் பிறருக்குக் கற்பித்த நான் என் வீட்டில் கற்கத் தவறிவிட்டேன். அல்லாஹ் மன்னிப்பானாக.

நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையைப் பாருங்கள். இறுதி நோயின்போது உடம்பு சற்று இலேசானதும், இருவர் தாங்கிவர, கால்கள் நிலத்தில் இழுபட, அவர்கள் பள்ளிவாசலுக்கு வந்தார்கள். தாங்கியவர்கள் அப்பாஸ் (ரலி), அலி (ரலி) ஆகிய இருவருமாவர். பிறர் தோளைப் பிடித்து நடப்பது வெட்கமல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஹிஜ்ரி 7 இல் கைபரிலிருந்து திரும்பும்போது, அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் ஒட்டகத்தில் ஏறுவதற்காக நபியவர்கள் தமது முழங்காலை வைத்துக் கொடுத்தார்கள். அன்னையவர்கள் அதில் கால் வைத்து ஏறினார்கள். நம் வீட்டு ஆண்களோ, உம்மா வேனில் ஏறச் சுணங்கினால் ஹோர்ன் அடிக்கிறார்கள்!

எங்கள் பயணத்துக்கு வருவோம். இம்முறை உம்மாவின் அளவுக்கே நாளைத் தைத்தோம். மூன்று இடம் பார்ப்பதில்லை, ஓரிடம் மட்டும். நாளைக் குறிக்குமுன் கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டோம். உணவு நேரம் தவறக்கூடாது, மருந்தை நிறுத்தக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

முதல் பயத்துக்கு மருந்து முன்னேற்பாடுதான். வழியில் மலசலகூட வசதியுள்ள இரண்டு இடங்களை முன்பே விசாரித்து வைத்தோம். தண்ணீர் குடித்தால் போக வேண்டிவரும் என்று நம் பெண்கள் பலர் பயண நாளில் வாயை நனைப்பதேயில்லை. வெயிலில் அபாயாவோடு நடப்பவருக்கு, அதிலும் சீனி வருத்தக்காரருக்கு இது ஆபத்து. தண்ணீரை நிறுத்தாதீர்கள், இடத்தைத் தேடிவையுங்கள்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் சாரதித் தம்பி வழக்கம்போல் வளைவுகளில் வேகமெடுத்தார். பெண்கள் ஏறிய ஒட்டகங்களை விரைந்தோட்டிய அன்ஜஷா (ரலி) அவர்களிடம், கண்ணாடிப் பாத்திரங்களை ஏற்றிச் செல்வதுபோல் மெதுவாகப் போகும்படி நபியவர்கள் சொன்ன செய்தியைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தார்.

1821 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது பேராதனைப் பூந்தோட்டம். மூன்று பக்கமும் மகாவலி வளைந்தோடுகிறது. பரப்பு ஏறக்குறைய 147 ஏக்கர். முழுவதையும் பார்க்க நல்ல காலுள்ளவருக்கே ஒரு நாள் போதாது. அதனால் நாங்கள் இரண்டு குழுவானோம். பிள்ளைகள் தம் வாப்பாமாரோடு ஆற்றங்கரைப் பக்கம் ஓடினார்கள். உம்மாவோடு இருவர் மட்டும் மாறி மாறி நடந்தார்கள். பத்து நிமிடம் நடை, பத்து நிமிடம் நிழலில் இருப்பு. யாரும் யாருக்காகவும் காத்து நிற்கவில்லை. இரண்டாவது பயமும் தீர்ந்தது.

மூன்றாவது பயம் உண்மையாகவே வந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் வரச் சுணங்கிவிட்டார்கள். "அவங்களும் வரட்டும்" என்று உம்மா பிடிவாதமாக இருந்தார்கள். நாங்களும் பேச்சில் நேரத்தை மறந்தோம். திடீரென உம்மாவின் முகம் வியர்த்தது, கை நடுங்கியது, கேட்டதற்கு மறுமொழி சரியாக வரவில்லை. சீனி இறங்கிவிட்டது! என் மனைவி மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். பதினைந்து நிமிடத்தில் நடுக்கம் நின்றது. உடனே சோறும் கொடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

எல்லாரும் வேனுக்குத் திரும்பத் தயாரானார்கள். உம்மா எழும்பவில்லை. "எனக்கு இப்ப சரி. அந்த மரத்தைப் பார்க்காம நான் வரமாட்டேன்" என்றார்கள். சற்று நேரம் ஆறவிட்டு மெதுவாகக் கூட்டிப் போனோம். பெரும் புல்வெளியில் குடைபோல் விரிந்து அந்த மரம் அப்படியே நின்றது. அதன் கீழே அமர்ந்து, கிளைகளைப் பார்த்து, "ஸுப்ஹானல்லாஹ்" என்றார்கள். வெகுநேரம் வேறொன்றும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

இரண்டு நாட்கள் உம்மாவுக்குக் கால் வலியும் உடம்பு அசதியும் இருந்தன. அதையும் கணக்கில் சேர்த்தே போயிருந்தோம். அந்த இரு நாட்களுக்கும் விருந்தினரையோ சமையல் வேலையையோ வைத்துக்கொள்ளவில்லை. நோயாளியின் பயணம் வீடு திரும்பியதோடு முடிவதில்லை, ஓய்வோடுதான் முடிகிறது.

நீங்களும் போக நினைத்தால் சில விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குளிசைகளையும் மருந்துச் சீட்டையும் கைப்பையில் வையுங்கள், வேனின் அடியில் போகும் பெட்டியில் அல்ல. இன்சுலினை வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டால் கெட்டுவிடும். ஐஸில் நேரே பட்டு உறைந்தாலும் கெட்டுவிடும். துணியில் சுற்றிக் குளிர்ப் பெட்டியில் வைப்பது நல்லது. முட்டு வருத்தமுள்ளவர் இன்ஹேலரை எட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். சீனி இறங்கியவர் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

சீனி வருத்தமுள்ளவர் பாதத்தைக் கவனிக்க வேண்டும். கடற்கரை மணலானாலும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சூடும் தெரியாது, சிப்பி வெட்டியதும் தெரியாது. செருப்பைப் போடுமுன் உள்ளே கைவிட்டுக் கல் இருக்கிறதா என்று பாருங்கள். வுழூச் செய்தபின் கால் விரல் இடுக்குகளின் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.

தொழுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேனில் ஏறியதுமே கஸ்ர், ஜம்உ செய்யலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அதற்குத் தூர எல்லை உண்டு. ஏறக்குறைய 80 கிலோமீற்றருக்குக் குறையாத பயணமாக இருக்க வேண்டும். நாங்கள் பேராதனையில் ளுஹரை நான்கு ரக்அத்தாகவே தொழுதோம். உம்மா இருந்து தொழுதார்கள். பெண்கள் தொழ இடமுள்ள பள்ளிவாசல் வழியில் எங்கே இருக்கிறது என்று முன்பே கேட்டு வையுங்கள்.

வருத்தம் கடுமையாகி, வெளியே போவதை வைத்தியரே தடுக்கும் நிலையும் உண்டு. அப்போது அவரோடு வீட்டில் தங்குபவர் பயணத்தை இழந்தவரல்லர். நோயுற்ற மனைவி ருகையா (ரலி) அவர்களைப் பராமரிப்பதற்காக பத்ருக்குப் போகாமல் நின்ற உஸ்மான் (ரலி) அவர்களுக்கு, போனவருக்குரிய கூலியும் பங்கும் உண்டென்று நபியவர்கள் அறிவித்தார்கள். அப்படிப்பட்ட நாளில் முற்றத்தில் ஒரு பாயை விரித்து, அங்கேயே எல்லாரும் சேர்ந்து தேநீர் குடிப்பதும் ஓர் உலாதான்.

நோயோடு வாழும் சகோதரியே! சபூர் என்பது வாசலில் நின்று கையசைப்பது மட்டுமல்ல. அல்லாஹ் தந்த இலேசை எடுத்துக்கொண்டு, அவன் படைத்த மரத்தையும் ஆற்றையும் பார்த்து ஷுக்ர் செய்வதும் அடியார்க்குரிய பண்பே. உங்கள் பயத்தை வாய்திறந்து சொல்லுங்கள். சுகமாக இருக்கும் சகோதரியே! "நான் வரல்ல" என்ற சொல்லை முழு மறுமொழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் இருந்து, ஏன் என்று கேளுங்கள்.

இந்த மாதம் உங்கள் வீட்டு வாசலில் நிற்பவர் யார்? அவரிடம், எந்த இடத்தைப் பார்க்க ஆசை என்று இன்றே கேட்டுவிடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. நோய் இருக்கும் நாட்களிலும் அவர்களுடைய உள்ளத்துக்கு மகிழ்ச்சியைத் தருவாயாக. அவர்களைத் தாங்கும் தோள்களாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.