அந்தப் பாலத்தில் வந்தவர்களும் போனவர்களும்

பிளாரன்ஸில் காலை உணவை முடித்துக்கொண்டு ரயில் ஏறுபவர் சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் வெனிஸ் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்தப் பயணத்தின் உயிர் கடைசிப் பத்து நிமிடங்களில் இருக்கிறது. ‘வெனிசியா மெஸ்த்ரே’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும் ஊர் வந்துவிட்டதென்று பெட்டியோடு இறங்கிவிடும் வெளியூர்க்காரர்கள் உண்டு. மெஸ்த்ரே கரைப்பகுதியில் இந்த ரயில் நிற்கும் கடைசி நிலையம். இறங்காமல் உட்கார்ந்திருப்பவருக்குச் சற்று நேரத்தில் இரண்டு பக்க ஜன்னல்களிலும் உப்பங்கழியின் தண்ணீர் மட்டுமே தெரியும்.

அந்தத் தண்ணீரின் மேல் ரயிலைத் தாங்கும் பாலத்துக்கு வயது ஏறத்தாழ 180. இருநூறுக்கும் மேற்பட்ட வளைவுகளோடு, மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் அது, ஆஸ்திரிய ஆட்சியில், 1846-இல் திறக்கப்பட்டது. அதுவரை படகில் மட்டுமே அடையக்கூடிய ஊராக இருந்தது வெனிஸ். ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் பாலம் கட்டப்படும்போதே பார்த்து மனம் நொந்தார். பாலம் திறந்த மூன்றே ஆண்டுகளில், ஆஸ்திரியாவுக்கு எதிராக எழுந்த வெனிஸ் மக்கள், முற்றுகைப் படை உள்ளே வந்துவிடாதபடி அதன் சில வளைவுகளைத் தாங்களே தகர்த்தார்கள். பக்கத்தில் ஓடும் சாலைப் பாலம் 1933-இல்தான் வந்தது.

ரயில் நிற்கும் சாந்தா லூசியா நிலையத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது ஒரு தேவாலயம். நிலையத்துக்காக 1861-இல் அதை இடித்தார்கள். புனித லூசியாவின் உடல் பக்கத்திலிருக்கும் சான் ஜெரேமியா தேவாலயத்துக்குப் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. நிலையத்தின் கதவைத் தாண்டினால் அகன்ற படிக்கட்டு, அதன் கீழே பெருங்கால்வாய், எதிரே சான் சிமியோனே தேவாலயத்தின் பச்சைக் குவிமாடம். காரும் இல்லை, பேருந்தும் இல்லை. உலகில் வேறெந்த ரயில் நிலையமும் பயணியை இப்படி ஒரே எட்டில் ஊரின் நடுவே கொண்டுபோய் நிறுத்துமா என்பது சந்தேகம்தான்.

இப்போது அதே இடத்தில் இன்னொரு காட்சியும் சேர்ந்திருக்கிறது. 2024 ஏப்ரல் 25 முதல், ஊரில் தங்காமல் பகலில் மட்டும் வந்துபோகிறவர்கள், குறிப்பிட்ட நாட்களில் 5 யூரோ கட்டணம் செலுத்த வேண்டும். முதல் ஆண்டில் 29 நாட்கள். 2025-இல் 54 நாட்கள், கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ. காலை எட்டரை மணியிலிருந்து மாலை நான்கு மணி வரைதான் கணக்கு. நிலைய வாசலிலேயே ஊழியர்கள் நின்று கைப்பேசியில் உள்ள அனுமதிக் குறியீட்டைப் பார்க்கிறார்கள். 2018-இலும் ஒரு விடுமுறை வார இறுதியில், நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் நடைபாதையில் கூட்டத்தைத் திருப்பிவிடத் தற்காலிகத் தடுப்புகளை வைத்தார்கள்.

முதல் ஆண்டில் ஏறத்தாழ 4,85,000 பேர் கட்டணம் செலுத்தினார்கள். சுமார் 24 லட்சம் யூரோ சேர்ந்தது. ஆனால் கூட்டம் குறையவில்லை என்று எதிர்க்கட்சி நகர்மன்ற உறுப்பினர்கள் புகார் சொன்னார்கள். அது நியாயமான புகார். ரயில் டிக்கெட்டுக்கும் மதிய உணவுக்கும் செலவழிக்கத் துணிந்து கிளம்பியவர் ஐந்து யூரோவுக்காகப் பயணத்தைக் கைவிடமாட்டார்.

நோய் வேறு இடத்தில் இருக்கிறது. ரியால்ட்டோ பாலத்துக்கு அருகே ஒரு மருந்துக் கடையின் ஜன்னலில் மின்னணு எண்பலகை ஒன்று உண்டு. பழைய நகரத்தில் இன்னும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதை 2008 முதல் அது காட்டிவருகிறது. 1951-இல் அந்த நகரத்தில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்கும் கீழே போனது. அடுத்த ஆண்டே, சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகள் குடியிருப்போரைவிட அதிகமாகிவிட்டன என்று உள்ளூர் மக்கள் அமைப்புகள் கணக்கிட்டுச் சொன்னன. ஒரு வீட்டை ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிட, பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் பல மடங்கு பணம். குடும்பங்கள் பாலத்தைக் கடந்து மெஸ்த்ரேவுக்குப் போய்விட்டன. குடும்பங்கள் போனதும், அவர்களை நம்பியிருந்த காய்கறிக் கடையும் தையல் கடையும் சுற்றுலாப் பயணிகளுக்கு முகமூடி விற்கும் கடைகளாக மாறின.

அதனால்தான் காலை ரயில்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கேமராவோடு வரும் பயணியின் பக்கத்து இருக்கையில், விடுதியில் படுக்கை விரிக்கப் போகும் பெண்ணும், உணவகத்தில் பரிமாறப் போகும் இளைஞரும், பல்கலைக்கழக மாணவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அவர்களால் வெனிஸில் வாடகை கொடுத்துத் தங்க முடிவதில்லை. ஊருக்குக் கேடு விளைவிப்பவர் பகலில் வந்து நடந்து, மாலையில் திரும்பிவிடும் ரயில் பயணி என்று சொல்வது இவர்களை மறந்துவிட்டுச் சொல்வது. அந்தப் பயணி ஒரு வீட்டையும் பறித்துக்கொள்வதில்லை.

குறுகிய கால வாடகைக்கு வரம்பு விதிக்கும் அதிகாரத்தை இத்தாலிய நாடாளுமன்றம் 2022-லேயே வெனிஸுக்குக் கொடுத்தது. நகராட்சி முதலில் கையில் எடுத்திருக்க வேண்டியது அதைத்தான். வாசலில் சேரும் பணத்தையும் பூட்டிக் கிடக்கும் பொது வீடுகளைச் செப்பனிட்டுக் குடும்பங்களுக்குக் கொடுப்பதற்கே செலவிட வேண்டும். குழிகளற்ற நடைபாதையும் சுத்தமான கால்வாயும் தேவைதான். ஆனால் அவற்றைப் பயன்படுத்த ஆள் வேண்டாமா?

பயணிக்கும் ஒரு பங்கு உண்டு. சுவர்களில் ரியால்ட்டோ, சான் மார்கோ என்று அம்புக்குறி காட்டும் மஞ்சள் பலகைகளைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் கன்னரேஜோ பகுதியில், 1516-இல் யூதர்களை ஒதுக்கி அடைத்த இடம் இருக்கிறது. உலக மொழிகள் பலவற்றுக்கும் ‘கெட்டோ’ என்ற சொல் இங்கிருந்துதான் போனது. அதன் சதுக்கத்தில் வீடுகள் ஏழெட்டு மாடி உயரம். அகலத்தில் வளர அனுமதி கிடைக்காத மக்கள் மேலே மேலே கட்டிக்கொண்டார்கள். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கு, பந்து விளையாடும் பிள்ளைகளும் அவர்களைக் கூப்பிடும் பாட்டிகளும் இன்னும் கண்ணில் படலாம்.

மாலை ஆறு மணிக்குப் பிறகு நிலையத்துப் படிக்கட்டில் உட்கார இடம் கிடைப்பது சிரமம். கால் வலிக்கும் பயணிகளும், வேலை முடிந்த விடுதி ஊழியர்களும் ஒன்றாக நடைமேடைக்குள் போகிறார்கள். மெஸ்த்ரே வந்ததும் ரயிலில் பாதி காலியாகிவிடுகிறது. இறங்குபவர்களில் பலர் மறுநாள் காலை இதே ரயிலில் மறுபடி ஏறுவார்கள்.