கோட்டைக்கு எதிரே நான்கு வீடுகள்

குன்னூர் லோகோ ஷெட் சத்தத்தில் வளர்ந்தவன் நான். அப்பா நீலகிரி மலை ரயிலில் பிரேக்ஸ்மேன். என்ஜின் பின்னாலிருந்து தள்ள, பெட்டியின் முகப்பில் கொடியும் கையுமாக நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர். அதனால்தான் 2019-இல், மான்செஸ்டரில் வேலை பார்க்கும் மகள், "வேல்ஸில் ஒரு மலை ரயில் இருக்குப்பா, போகலாமா?" என்று கேட்டதும் மறுபேச்சில்லாமல் கிளம்பினேன்.

வடமேற்கு வேல்ஸின் குவினெத் பகுதியில் கடலும் மலையும் பக்கத்துப் பக்கத்தில். முதலில் கடலோரம் இருக்கும் கயர்னார்வன் கோட்டைக்குப் போனோம். வேல்ஸை வென்ற முதலாம் எட்வர்டு 1283-இல் கட்டத் தொடங்கியது. எட்டுப்பட்டைக் கோபுரங்கள், வரிவரியாய் நிறம் மாறும் சுவர்கள், கீழே மெனாய் நீரிணை. 1986 முதல் உலக மரபுச் சின்னம். கண்ணுக்கு நிறைவுதான். ஆனால் அது ஜெயித்தவன் கட்டியது. தோற்றவர்களை அங்கே தேடித்தான் பார்க்க வேண்டும்.

மறுநாள் லான்பெரிஸில் ரயில் ஏறினோம். 1896-இல் ஓடத் தொடங்கிய பாதை, 1085 மீட்டர் உயர ஸ்னோடன் சிகரத்துக்குப் போகிறது. நடுவில் பல் தண்டவாளம். கல்லாறு முதல் குன்னூர் வரை நம் ரயில் பிடித்து ஏறும் அதே 'அப்த்' முறை. அவர்களின் முதல் என்ஜின்களும் நம் பழைய 'எக்ஸ்' வகை என்ஜின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. இங்கேயும் என்ஜின் பின்னாலிருந்துதான் தள்ளுகிறது. உச்சியில் ஒரே மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை. ஊட்டிக்காரனுக்கு மூடுபனி காட்டக் காசு வாங்கிவிட்டார்கள் என்று மகள் சிரித்தாள்.

கீழே இறங்கியபின் பார்த்ததுதான் இன்னும் மனதில் நிற்கிறது. 1969-இல் மூடிய டினோர்விக் கல்குவாரியின் பட்டறைகளிலேயே தேசிய சிலேட்டு அருங்காட்சியகம் நடந்துகொண்டிருந்தது, நாங்கள் போனபோது அனுமதி இலவசம். ஒரு தொழிலாளி தடித்த சிலேட்டுக் கல்லைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பில் உளியை வைத்து மெல்லத் தட்டினார். புத்தகம் பிரிவதுபோல் கல் பிரிந்தது. கூரை ஓடுகளின் அளவுகளுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் 'டச்சஸ்', 'கவுண்டஸ்': கோமாட்டி, சீமாட்டி!

அந்தச் சீமாட்டிகளைச் செதுக்கியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? பதில், வளாகத்திலேயே வரிசையாக இருக்கும் நான்கு வீடுகளில். வேறோர் ஊரில் இடிபட இருந்தவற்றைக் கல் கல்லாகப் பிரித்து வந்து கட்டியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் 1861, அடுத்ததில் 1901, இன்னொன்றில் 1969. அடுப்பு, கட்டில், பாத்திரம் எல்லாம் அந்தந்தக் காலத்துப்படி. 1901 வீடு, பென்ரின் குவாரி வேலைநிறுத்த காலத்தது. 1900 முதல் 1903 வரை மூன்று ஆண்டுகள் நீடித்துத் தோற்ற போராட்டம் அது. 'இந்த வீட்டில் துரோகி இல்லை' என்று அப்போது ஜன்னல்களில் வெல்ஷ் மொழியில் அட்டை வைத்தார்கள். வயிறு காயும் வீட்டுக்கு அந்த ஒரு வரிதான் கௌரவம். கோட்டையில் ஒரு மணி நேரம் இருந்தேன். இந்த வீடுகளில் மூன்று மணி நேரம்.

2021-இல் இந்தச் சிலேட்டு நிலப்பரப்பும் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அடுத்த ஆண்டே தேசியப் பூங்கா நிர்வாகம், ஸ்னோடனை இனி 'அர் வித்வா' என்ற வெல்ஷ் பெயரால் அழைப்பதென்று முடிவெடுத்தது. வேலை செய்தவன் வீட்டையும் அவன் மொழியையும் காட்டுவதற்கு வெட்கப்படாத ஊர் அது.

நம் நீலகிரி ரயிலும் 2005 முதல் உலக மரபுச் சின்னம்தான். வருகிறவர்கள் என்ஜினோடு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பாறை உடைத்தவர்கள், பல் தண்டவாளத்துக்குக் கிரீஸ் தடவியவர்கள், கொடி பிடித்து நின்றவர்கள் எங்கே குடியிருந்தார்கள், என்ன சமைத்தார்கள் என்று யார் காட்டுவது? நாங்கள் பிறந்து வளர்ந்த லைன் வீடு இப்போது இல்லை. ரயில்வேக்கு என் வேண்டுகோள் சின்னதுதான்: மிச்சமிருக்கும் பழைய குடியிருப்புகளில் ஒன்றையாவது அடுப்பும் அரிக்கேன் விளக்குமாக அப்படியே வைத்து, பயணிகளுக்குத் திறந்துவிடுங்கள். உள்ளே மாட்டுவதற்கு அப்பாவின் விசிலைத் தர நான் தயார்.