பன்னிரண்டு பேர் தலையில்

பியானோ ட்யூனர் வீட்டுக்கு வந்து, மூடியைத் திறந்து, இரண்டு மணி நேரம் 'டொய்ங் டொய்ங்' என்று உயிரை வாங்கிவிட்டு, சுருதியைச் சுத்தமாகச் சேர்த்துவிட்டுப் போகிறார் என்றுதான் நினைப்போம். இல்லை. கணக்குப் பார்த்துக் கொஞ்சம் கெடுத்துவிட்டுப் போகிறார். கெடுக்கத் தெரியாவிட்டால் அவருக்குத் தொழில் தெரியாது என்று அர்த்தம்.

ஏன் என்று கேட்டால் பித்தாகரஸ் வரை போகவேண்டும். பயப்படாதீர்கள், எட்டாங்கிளாஸ் கணக்குதான். தந்தியைப் பாதியாக்கினால் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். அதிர்வு இரண்டு மடங்கு. மேல்நாட்டில் ஆக்டேவ் என்பார்கள். மூன்றில் இரண்டு பங்காக்கினால் அதிர்வு ஒன்றரை மடங்கு. நம்ம ஸ-ப. அவர்களுக்கு ஃபிஃப்த், அதாவது ஐந்தாவது. ஆக்டேவை விட்டால் காதுக்கு இவ்வளவு இதமான ஜோடி கிடையாது.

இப்போது பியானோவில் கீழே இருக்கும் முதல் ஸியில் ஆரம்பித்து ஃபிஃப்த் ஃபிஃப்த்தாகத் தாவுங்கள். ஸி, ஜி, டி, ஏ, ஈ... பன்னிரண்டு தாவலில் பன்னிரண்டு ஸ்வரங்களையும் தொட்டுவிட்டு, ஏழு ஸ்தாயி தள்ளி மறுபடி ஸிக்கே வந்துவிடுவீர்கள். ஒன்றரையைப் பன்னிரண்டு தடவை பெருக்குங்கள். கால்குலேட்டர் 129.75 என்கிறது. ஏழு ஸ்தாயிக்கு இரண்டை ஏழு தடவை பெருக்கினால்? 128.

ஒரே கட்டை, இரண்டு விடை. மார்ச் 31 ராத்திரி ட்ரயல் பாலன்ஸ் உதைத்தால் அக்கவுன்டன்ட் முகம் எப்படி ஆகும்? ஐரோப்பிய சங்கீதக்காரர்கள் முகம் பல நூறு வருஷம் அப்படித்தான் இருந்தது. வித்தியாசம் அற்பம்தான், பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளின் இடைவெளியில் ஏறக்குறைய கால் பங்கு. ஆனால் காது கண்டுபிடித்துவிடும்.

முதலில் செய்த வைத்தியம், ஆபீசில் நாம் செய்வதுதான். பதினோரு ஃபிஃப்த்தைத் தோதாக வைத்துக்கொண்டு, மொத்தக் கோளாறையும் பன்னிரண்டாவதன் தலையில் கட்டினார்கள். அது ஊளையிட்டது. 'ஓநாய்' என்றே பெயர் வைத்து, அந்தப் பக்கமே போகாமல் மெட்டுப் போட்டார்கள். பாக் 1722-ல் பன்னிரண்டு சுருதியிலும் மேஜர், மைனர் என்று 24 உருப்படிகள் எழுதினார். ஓநாயை விரட்டினால்தான் அத்தனையும் வாசிக்க முடியும். (அவர் எப்படிச் சுருதி கூட்டினார் என்பதில் பண்டிதர்களுக்குள் இன்னும் அடிதடி.)

இன்றைய வழி, பற்றாக்குறையைப் பன்னிரண்டு பேருக்கும் சமமாகப் பிரித்துவிடுவது. ஒவ்வொரு கட்டையும் முந்தினதைவிட 1.05946 மடங்கு. சீனாவில் மிங் வம்ச இளவரசர் ஜூ ஜாய்யூ 1584-லேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார். இதில் ஃபிஃப்த் 1.5-க்குப் பதில் 1.4983. தேவலை. பாவம், மேஜர் தேர்டுக்குத்தான் சரியான அடி. 1.25 இருக்கவேண்டியது 1.26 ஆகிவிட்டது. நடு ஸியையும் அதற்கு மேல் ஈயையும் சேர்த்து அழுத்தி உற்றுக் கேளுங்கள். செகண்டுக்குப் பத்துத் தடவை 'வவ்வவ்வ' என்று ஒரு நடுக்கம். அதையே இனிமை என்று பழகிவிட்டோம். வாத்தியம் இல்லாமல் பாடும் நல்ல கோஷ்டிகள் ஸ்வரத்தை நீட்டும்போது தானாகவே சுத்தமான தேர்டுக்கு நழுவுவதுண்டு. பக்கத்தில் பியானோ இருந்தால் அந்தச் சலுகை இல்லை.

ட்யூனர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நடு ஸிக்குக் கீழே இருக்கும் ஏயையும் மேலே இருக்கும் ஈயையும் சேர்த்துத் தட்டுகிறார். நடுக்கம் முழுக்க அடங்குகிறது, பரம சுத்தம். ஒரு விநாடி ரசிக்கிறார். பிறகு ஈயைத் துளியூண்டு இறக்கி, நாலு செகண்டுக்கு மூன்று நடுக்கம் வரும்வரை கெடுக்கிறார். தலையை ஆட்டிக்கொள்கிறார்.

இன்னும் இருநூறு தந்திக்கு மேல் பாக்கி.